யு.கே.ஜி. என்னும் ஓராண்டு: எங்கள் மகளுக்கு எந்தப் பள்ளி?

இந்தப் பங்குனியில் எங்கள் மகளுக்கு நான்கு வயது நிறைந்தது. இதுவரை அவள் எந்தப் பள்ளிக்கும் போனதில்லை. பகல் முழுவதும் தன் அப்பாயியோடு வீட்டிலேயே இருந்தாள். வருகிற ஜூனில் யு.கே.ஜி.யில் சேர்த்தாக வேண்டும். திருச்சி மாவட்டத்தின் சிறு நகரம் ஒன்றில் வசிக்கும் எங்களுக்கு மூன்று இடங்கள் உள்ளன. ஒன்று, அரசு நடுநிலைப் பள்ளி வளாகத்து அங்கன்வாடியில் நடக்கும் மழலையர் வகுப்பு, நடந்தே போகலாம். இன்னொன்று, நான்கு கிலோமீட்டர் தள்ளியுள்ள ஆங்கில வழி மெட்ரிகுலேஷன் பள்ளி, வேன் வரும். மூன்றாவது, பயிற்சி பெற்ற பெண்மணி ஒருவர் தம் வீட்டின் கீழ்த்தளத்தில் நடத்தும் மாண்டிசோரி இல்லம். முதலாவதிலும் மூன்றாவதிலும் அரைநாள் வீதம் உட்கார்ந்து பார்த்தேன். மெட்ரிகுலேஷன் பள்ளியில் பெற்றோரை வகுப்புக்குள் விடுவதில்லை என்பதால் அலுவலகத்திலும் நடைகூடத்திலும் ஆண்டு விழாவிலும் பார்த்தவற்றைக் கொண்டுதான் அதைப் பற்றிச் சொல்ல முடிகிறது.

எதை வைத்து ஒப்பிடுவது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். எழுத்தும் எண்ணும் இந்த ஓராண்டில் கொஞ்சம் முன்பின்னாக வந்தாலும் பாதகமில்லை என்பது என் கருத்து. அரசுப் பள்ளிகளில் 2022ஆம் ஆண்டிலிருந்து ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் நடப்பதே, எட்டு வயதுக்குள் பிள்ளைகள் பிழையின்றிப் படிக்கவும் அடிப்படைக் கணக்குகளைப் போடவும் வேண்டும் என்பதற்காகத்தான். ஆகவே நாலே கால் வயதில் ‘ஙப்போல் வளை’ எழுதாத குழந்தை எதையும் இழந்துவிடவில்லை. ஆனால் தன் குரலைப் பற்றியும் உடம்பைப் பற்றியும் ஒரு பெண் குழந்தை இந்த வயதில் கற்றுக்கொள்வது அவ்வளவு எளிதில் அழிவதில்லை. தாகம் எடுத்தால் தண்ணீர் கேட்கலாமா, சிறுநீர் வந்தால் எழுந்து சொல்லலாமா, ஏணியில் ஏறலாமா, கொட்டிவிட்டால் அடி விழுமா, அல்லது துணியைத் தேடிப்போய்த் தானே துடைக்கலாமா என்பவை பாடத்திட்டத்தில் இல்லாத பாடங்கள். இந்த மூன்று இடங்களையும் அவற்றைக் கொண்டே நான் எடைபோட்டேன்.

இப்படிப் பார்க்க எனக்குக் காரணம் உண்டு. என் அக்கா மகள் வேறோர் ஊரில் யு.கே.ஜி. படித்தபோது, காலையில் நிரப்பிக் கொடுத்த தண்ணீர்ப் பாட்டில் மாலையில் அப்படியே நிறைந்து திரும்பி வந்தது. கழிப்பறைக்குப் போக வேண்டும் என்றால் கையை உயர்த்தி ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும்; அந்த வாக்கியம் அவளுக்கு வரவில்லை. எனவே கேட்க வேண்டிய தேவையே வராதபடி தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொள்ளும் வழியை நான்கு வயதில் அவளே கண்டுபிடித்துக்கொண்டாள். மார்கழியில் சிறுநீர்த் தொற்றும் காய்ச்சலும் வந்த பிறகே அக்காவுக்கு விவரம் தெரிந்தது. அந்த ஆண்டு முன்னேற்ற அட்டையில், மிகவும் அமைதியான நல்ல பெண் என்று எழுதியிருந்தார்கள். அந்தப் பாராட்டை நான் இன்னும் மறக்கவில்லை.

பள்ளிகளுக்குள் போகுமுன் வயதுக் கணக்கையும் பார்க்க வேண்டியிருக்கிறது. முடிவு ஓரளவுக்கு அதைப் பொறுத்தது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை மூன்று வயது முதல் எட்டு வயது வரையிலான ஐந்தாண்டுகளை ஒரே அடித்தள நிலையாகக் கொண்டு, ஆறு வயது நிறைந்த பிறகே ஒன்றாம் வகுப்பு என்கிறது. கேந்திரிய வித்யாலயாக்கள் 2022-23 முதல் அப்படித்தான் சேர்க்கின்றன. தமிழ்நாட்டில் ஐந்து வயதில் ஒன்றாம் வகுப்பு என்பதே நடைமுறை. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையும் அதையே வைத்துக்கொண்டது. ஆகவே எங்கள் மகளுக்கு மாநில முறையில் முன்பருவக் கல்வி இனி ஓராண்டுதான். மத்திய முறையில் என்றால் இரண்டாண்டுகள். கேந்திரிய வித்யாலயா எங்களுக்கு எட்டும் தூரத்தில் இல்லை என்பதால் அந்த வழியை விட்டுவிட்டோம். ஆனாலும் இந்த ஓராண்டு வேறுபாடு மாண்டிசோரியைப் பற்றிப் பேசும்போது மறுபடியும் தலைகாட்டும்.

மெட்ரிகுலேஷன் பள்ளியில் தொடங்குகிறேன், ஏனென்றால் எங்கள் தெருவில் பத்தில் எட்டுப் பேர் அதைத்தான் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதில் அர்த்தமே இல்லை என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. நானும் என் கணவரும் தமிழ் வழியில் படித்தவர்கள். கல்லூரி முதலாண்டில் ஆங்கிலத்தில் பதில் சொல்ல எழுந்து நின்று, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்ட நாள்கள் இருவருக்கும் நினைவிருக்கின்றன. அந்தச் சங்கடம் மகளுக்கு வரக்கூடாது என்று நினைப்பது பேராசை ஆகாது. அந்தப் பள்ளியின் யு.கே.ஜி. பாடப் பட்டியலில் ஆங்கிலச் சிறிய, பெரிய எழுத்துகளைச் சேர்த்தெழுதுதல், மூன்றெழுத்துச் சொற்களை ஒலி கூட்டிப் படித்தல், நூறு வரை எண்கள், இரண்டாம் வாய்பாடு, இருபது ஆங்கிலப் பாடல்கள், தமிழில் உயிரெழுத்தும் மெய்யெழுத்தும், சூழ்நிலையியலில் பழங்கள், விலங்குகள், வாகனங்கள் ஆகியவை உள்ளன. மாதம் ஒரு தேர்வு உண்டு. கட்டணமும் வேனும் புத்தகமும் சீருடையும் சேர்த்து ஆண்டுக்கு 41,000 ரூபாய் ஆகும் என்று அலுவலகத்தில் ஒரு தாளில் எழுதிக் காட்டினார்கள்.

பட்டியலைப் பார்க்கும்போது நிறையக் கற்றுத்தருவதாகத் தெரியும். ஆனால் நாலு வயதுப் பிள்ளையின் மணிக்கட்டில் சிறு எலும்புகள் பல இன்னும் முழுதாக உருவாகாத நிலையில், நான்கு கோட்டு நோட்டில் பக்கம் பக்கமாகச் சேர்த்தெழுத வைப்பது, கோலப் பொடியைச் சிறுகச் சிறுக விடத் தெரியாத கையிடம் மார்கழிப் புள்ளிக் கோலத்தைக் கேட்பது போன்றது. சென்னை உயர் நீதிமன்றம் 2018 மே மாதத்தில் ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்றது. மத்திய அரசின் 2020ஆம் ஆண்டு புத்தகப் பை கொள்கை, முன்பருவ வகுப்புகளுக்குப் பையே வேண்டாம் என்கிறது. நடைகூடத்தில் நான் காத்திருந்த நேரத்தில் யு.கே.ஜி. வகுப்பின் வாசலில் முப்பத்தாறு பைகள் வரிசையாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். எங்கள் வீட்டு ஐந்து கிலோ அரிசிப் பையை விடக் கொஞ்சம்தான் குறைவு.

பெண் குழந்தைகள் அங்கே எப்படி இருக்கிறார்கள் என்பதைத்தான் முக்கியமாகப் பார்த்தேன். இடைவேளையில் சறுக்குமரத்தில் ஏறியவர்கள் எல்லாரும் பையன்கள். முழங்கால் வரையிலான பாவாடைச் சீருடையோடு ஏணியில் கால் வைத்த ஒரு பெண்ணை ஆயாம்மா கீழே இறங்கச் சொன்னார். அவர் கெட்டவர் அல்லர், பாவாடையைப் பார்த்துத்தான் சொன்னார். ஆண்டு விழாவில் ஐந்து வயதுப் பெண் பிள்ளைகள் உதட்டுச் சாயம் பூசி, இடுப்பை வளைக்கும் திரைப்படப் பாட்டுக்கு ஆட, பையன்கள் விஞ்ஞானிகளாகவும் போர் வீரர்களாகவும் வேடம் போட்டு ஆங்கிலத்தில் இரண்டு வரி பேசினார்கள். பேசும் வாய்ப்பு யாருக்கு, ஆடும் வாய்ப்பு யாருக்கு என்று எவரும் உட்கார்ந்து திட்டமிட்டிருக்க மாட்டார்கள். அது தானாக அமைந்திருக்கிறது என்பதுதான் எனக்கு உறுத்தல். நல்ல தொடுதல், தீய தொடுதல் பற்றி எப்படிச் சொல்லித்தருகிறீர்கள் என்று கேட்டதற்கு, ஆண்டுக்கு ஒரு முறை திரையில் படம் காட்டுவதாகப் பதில் வந்தது.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் நாங்கள் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டோம். கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகள் நுழைவு நிலை வகுப்பில் 25 விழுக்காட்டு இடங்களை நலிவடைந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றித் தர வேண்டும். அந்தப் பள்ளியின் நுழைவு நிலை எல்.கே.ஜி.; யு.கே.ஜி.யில் புதிதாகச் சேரும் பிள்ளைக்கு அந்தக் கதவு திறக்காது. அந்த வழியை எண்ணியிருப்பவர்கள் பிள்ளைக்கு மூன்று வயது ஆனதுமே விசாரிக்க வேண்டும்.

மாண்டிசோரி இல்லத்துக்குப் போனபோது, வெளியே செருப்பைக் கழற்றிய கணத்திலேயே எனக்கு அங்கே சேர்த்துவிடத் தோன்றியது. பதினெட்டுப் பிள்ளைகள், மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரை கலந்து இருந்தார்கள். மூன்றரை வயதுப் பெண் ஒருத்தி கண்ணாடிக் குவளையிலிருந்து கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றினாள். பாதி பாயில் கொட்டியது. யாரும் ஓடி வரவில்லை. அவள் எழுந்து போய், மூலையில் தன் உயரத்துக்குத் தொங்கவிட்டிருந்த துணியை எடுத்து வந்து, துடைத்து, பிழிந்து, மறுபடி மாட்டிவிட்டு, மறுபடியும் ஊற்ற உட்கார்ந்தாள். மூன்றாம் தடவை ஒரு சொட்டும் சிந்தவில்லை. அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்தவர் பாராட்ட வேண்டும் என்ற எதிர்பார்ப்பே இல்லாத முகம் அது. பக்கத்தில் ஒரு பையன் வெங்காயத் தோல் உரித்துக்கொண்டிருந்தான்.

எழுத்தும் அங்கே உண்டு. உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய ‘ட’வையும் ‘ப’வையும் பிள்ளைகள் இரண்டு விரலால் தடவிக்கொண்டே ஒலிக்கிறார்கள், பென்சில் பிறகுதான் வருகிறது. ஒரு சென்டிமீட்டரில் தொடங்கிப் பத்து சென்டிமீட்டர் வரை வளரும் பத்து இளஞ்சிவப்புக் கட்டைகளை அடுக்கும்போது கணக்கு கைக்குள் போகிறது. இந்த முறை நமக்கு அந்நியமானதும் அல்ல. 1939ஆம் ஆண்டின் இறுதியில் அடையாறு பிரம்மஞான சபையின் அழைப்பில் மரியா மாண்டிசோரி சென்னைக்கு வந்து ஆசிரியர் பயிற்சியைத் தொடங்கினார். இத்தாலி போரில் இறங்கிய பிறகு ஊர் திரும்ப முடியாமல் இங்கேயே தங்க நேர்ந்து, இடையில் சில ஆண்டுகள் கொடைக்கானலிலும் பிள்ளைகளோடு வேலை செய்தார். ஆனால் அந்தப் பெயரைப் பெயர்ப்பலகையில் எழுதிக்கொள்ள யாரும் யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை என்பதால், நம் ஊர்களில் மேசை வரிசைகளும் பிரம்பும் உள்ள மாண்டிசோரிகளும் இருக்கின்றன. நடத்துபவரின் பயிற்சிச் சான்றிதழ், மூன்று முதல் ஆறு வயது வரையிலான பிள்ளைகள் கலந்த ஒரே அறை, மணி அடித்துப் பாடம் மாற்றாத நீண்ட காலை நேரம் ஆகிய மூன்றையும் நேரில் பார்க்காமல் பணம் கட்டக்கூடாது.

இவ்வளவு பிடித்த இடத்தை நாங்கள் ஏன் விட்டோம் என்றால், பணம் மட்டும் காரணமல்ல. ஆண்டுக்கு 54,000 ரூபாய் என்பது எங்களுக்குக் கடினம், ஆனால் முடியாததல்ல. அந்த முறை மூன்று வயதில் நுழைந்து ஆறு வயதில் வெளியேறும் பிள்ளைக்காக அமைந்தது. முதல் ஆண்டில் பெரியவர்களைப் பார்த்துக் கற்று, கடைசி ஆண்டில் சிறியவர்களுக்குக் காட்டித்தரும்போதுதான் அது கனிகிறது. நாலே கால் வயதில் சேர்ந்து ஐந்தே கால் வயதில் ஒன்றாம் வகுப்புக்குப் போகும் எங்கள் மகளுக்குக் கிடைப்பது அதில் ஒரு நடுத்துண்டு மட்டுமே. இரண்டாண்டுகள் வைத்திருந்து ஆறு வயதில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கலாமே என்று அந்தப் பெண்மணி சொன்னார். சொன்னது நியாயம். மூன்று வயது ஆகாத பிள்ளையோடு இதைப் படிப்பவர்களுக்கு நான் அதையே முதலில் சொல்வேன். எங்களால் இரண்டாம் ஆண்டுச் செலவைத் தாங்க முடியாது.

இனி அங்கன்வாடி. ‘அங்கன்வாடியா?’ என்று என் மாமியாரே முகம் சுளித்தார். அவர் காலத்துச் சத்துணவுக் கூடம் அவர் மனத்தில் இருக்கிறது. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கியது. தமிழ்நாட்டில் இன்று 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் உள்ளன. இவற்றில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருக்கும் 2,381 மையங்களில் 2019 ஜனவரியில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கப்பட்டது. 2022இல் இவற்றை நிறுத்தும் பேச்சு எழுந்து, எதிர்ப்புக்குப் பிறகு தொடர்வதென்று முடிவாகி, சிறப்பாசிரியர்கள் தற்காலிகமாகக் குறைந்த தொகுப்பூதியத்தில் நியமிக்கப்பட்டார்கள். இந்த ஏற்பாட்டின் பலமும் பலவீனமும் அந்த ஒரு வரியிலேயே இருக்கின்றன: வகுப்பு இருக்கிறது, ஆனால் அதை நடத்துபவரின் வேலை உறுதியில்லை. ஆகவே, எல்லா மழலையர் வகுப்புகளும் நல்லவை என்று நான் சொல்ல மாட்டேன். நான் பார்த்த டீச்சர் நல்லவர். அடுத்த ஊராட்சியில் எப்படி என்று எனக்குத் தெரியாது.

இருபத்து மூன்று பிள்ளைகள். பிள்ளைகள் அவரை ‘டீச்சர்’ என்று கத்தித்தான் கூப்பிடுகிறார்கள், வேண்டியதை வீட்டில் பேசும் தமிழிலேயே கேட்கிறார்கள். நான் இருந்த இரண்டரை மணி நேரத்தில் ஏழு பேர் கழிப்பறைக்குப் போனார்கள், நால்வர் பெண்கள். எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். டீச்சர் தரையில் சுண்ணக்கட்டியால் பாண்டிக் கட்டம் போட்டு எண் எழுதி வைத்திருந்தார்; எண்ணைச் சொல்லிக்கொண்டே நொண்டியடிக்க வேண்டும். பிறகு பல்லாங்குழியை எடுத்தார். ஏழேழாகப் பதினான்கு குழிகள், குழிக்கு ஐந்து புளியங்கொட்டை. ஒரு பெண் கையிலிருந்த ஐந்தை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போய், ஐந்தாவது கொட்டை எங்கே விழும் என்று போடுவதற்கு முன்பே அந்தக் குழியைத் தொட்டுக் காட்டினாள். கூட்டல் என்ற சொல்லை அவள் கேட்டிருக்க மாட்டாள். பல்லாங்குழியும் கோலமும் நம் வீடுகளில் பெண் பிள்ளைகளின் பங்காகவே இருந்துவிட்டன, மட்டையும் மிதிவண்டியும் பையன்களின் பங்காக. இரு தரப்புக்கும் அதில் நட்டம். அந்த அறையில் பல்லாங்குழிக்குப் பையன்களும் முண்டியடித்தது எனக்குப் பிடித்திருந்தது.

பிடிக்காததும் இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் தட்டு எடுத்துவைக்கப் பெண் பிள்ளைகளைத்தான் டீச்சர் கூப்பிட்டார். விளையாட்டு மூலையில் செப்புச் சாமான் பெண்களிடமும் பிளாஸ்டிக் லாரி பையன்களிடமும் இருந்தன. இதை நான் சொன்னபோது அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பழக்கத்தில் வந்துவிடுகிறது என்று சொல்லி, அப்போதே இரண்டு பையன்களைத் தண்ணீர் எடுத்துவரச் சொன்னார். அங்கன்வாடிப் பணியாளருக்கோ பதிவேடுகள், எடை பார்த்தல், கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு வழங்கல் என்று வேலைகள் ஓய்வதில்லை. சிறப்பாசிரியர் விடுப்பில் போனால் வகுப்பு அன்றைக்கு வெறும் பராமரிப்பாகிவிடும். ஆங்கிலம் அங்கே சில பாட்டுகளோடும் படங்களோடும் நின்றுவிடுகிறது. மறுபக்கம், சூடான மதிய உணவும் முட்டையும் உண்டு. மகளின் எடையையும் உயரத்தையும் குறித்து வைக்கிறார்கள். தொடுதல் பற்றிய பாடத்தை டீச்சர் ஒரு துணிப் பொம்மையை வைத்து வாரம் ஒரு முறை சொல்லித்தருகிறார். சுவரில் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் பிள்ளைகளின் கண் உயரத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

அரசுப் பள்ளியில் சேர்த்தால் பின்னால் மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீடு கிடைக்கும், மாதம் ஆயிரம் ரூபாய் புதுமைப் பெண் உதவித்தொகை கிடைக்கும் என்று உறவினர் ஒருவர் கணக்குச் சொன்னார். அவை இரண்டும் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படிப்பதைப் பொறுத்தவை, யு.கே.ஜி. முடிவுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. ஆங்கிலத்தைப் பொறுத்தவரை, வீட்டில் இரவு ஒரு படக்கதையை அவள் அப்பா வாசித்துக்காட்டுவது என்றும், மூன்றாம் வகுப்புக்குள் அவள் நிலை என்ன என்று பார்த்து மறுபடி யோசிப்பது என்றும் பேசி வைத்திருக்கிறோம். அது போதுமா என்ற ஐயம் எனக்கு இன்னும் முழுதாகத் தீரவில்லை.

கடைசியில் தராசைச் சாய்த்தது ஒரு தாழ்ப்பாள். அங்கன்வாடிக் கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை. பெண் பிள்ளைகள் ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அக்கா மகளின் பள்ளியில் இதுபோன்ற ஒன்றைச் சொல்லப் போனபோது, வேண்டுமென்றால் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். இங்கே கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிக்குப் பாதி பெண்கள். தனியார் சுயநிதிப் பள்ளிக்கு இந்தக் கட்டாயம் இல்லை. தலைமையாசிரியரிடம் சொன்னேன். மையம் வேறு துறையின் கீழ் வருகிறது என்று முதலில் தயங்கினாலும், குழுவில் வைக்கிறேன் என்றார். ஏப்ரல் கூட்டத்தில், எட்ட முடியாத உயரத்தில் வேண்டாம், பிள்ளைகள் உள்ளிருந்து போடவும் அவசரத்துக்கு வெளியிலிருந்து திறக்கவும் வசதியாக இரண்டடி உயரத்தில் வேண்டும் என்று இன்னொரு தாய் சொன்னதையும் சேர்த்துத் தீர்மானமாக எழுதிக்கொண்டார்கள். மே மாத விடுமுறையில் தச்சர் வருவார் என்று சொல்லியிருக்கிறார்கள்.

சேர்க்கைப் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டோம். தச்சர் வந்தாரா என்று ஜூன் முதல் தேதி போய்ப் பார்க்க வேண்டும். அதற்கிடையில், திண்ணையில் அப்பாயியை டீச்சராக உட்கார வைத்துவிட்டு, வாசற்படியிலிருந்து தெருவுக்கே கேட்கும்படி ‘டீச்சர், ஒண்ணுக்கு’ என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கத்திக்கொண்டிருக்கிறாள் எங்கள் மகள். அப்பாயிக்கு அது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.